புதிய மீனும் பழைய தொட்டியும்

கொல்கத்தாவில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பாக்பஜாரை அடுத்த காலிஃப் தெருவுக்குச் சென்று வந்தவர்கள், அங்குக் கூடும் சந்தையை எளிதில் மறக்கமாட்டார்கள். வண்ண மீன்களைக் கண்ட குழந்தைகள் அவ்விடம் விட்டு அகலார். மாடிக் குடியிருப்புகளில் வாழும் நம் போன்றோருக்கு ஆடு மாடு வளர்க்க இடம் ஏது? ஆகவே, கூடத்தின் மூலையில் ஒரு மீன் தொட்டி வைத்து மகிழும் குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. அவர்கள் பொருட்டே இதனை எழுதத் துணிந்தோம். நாங்கள் மீனியல் கற்றவர்கள் அல்லோம். ரயில்வே அலுவலகக் கோப்புகளோடு காலம் கழிப்பவர்கள். பட்டறிந்ததையே கூறுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி மாதத்தில், எங்கள் மகளின் பிறந்தநாளுக்கென ஒரு கடையில் அழகிய மோலி மீன் ஒன்றை வாங்கினோம். வீட்டை அடைந்ததும் பையை அவிழ்த்து, மீனையும் நீரையும் ஒருங்கே தொட்டியில் ஊற்றிவிட்டோம். பத்து நாட்கள் சென்றபின் அம்மீனின் உடலில் உப்புத் தூவினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றின. அடுத்த சில நாட்களில் பழைய மீன்கள் ஒன்பதும் ஒவ்வொன்றாய் மடிந்தன. அவற்றுள் இரண்டு, குழந்தை பெயரிட்டு ஈராண்டுகள் வளர்த்தவை. "அவை என்ன தப்புச் செய்தன, அப்பா?" என்று அவள் கேட்டாள். தவறு செய்தவர்கள் நாங்களே.

அது வெண்புள்ளி நோய். ஓர் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் வளர்ந்து, பின் கழன்று, தொட்டியின் அடியில் தங்கி நூற்றுக்கணக்காய்ப் பெருகும். அவ்விளம் உயிர்கள் நீந்திச் சென்று வேறு மீன்களைப் பற்றும். மருந்துக்கு அடங்குவது அந்த நீந்தும் பருவம் மட்டுமே. வெதுவெதுப்பான நீரில் இச்சுழற்சி சில நாட்களில் முடியும். குளிர்ந்த நீரிலோ வாரக்கணக்கில் நீளும். வாங்கும்போது நலமாகத் தோன்றும் மீனும் நோயைச் சுமந்து வருவது இதனாலேதான்.

எனவே, புது மீனை நேரே பழைய தொட்டியில் விடலாகாது. 2020ஆம் ஆண்டில் ஊர் திரும்பிய நம்மவர் பலர் 14 நாட்கள் தனித்திருந்தது நினைவிருக்கும். மீனுக்கு நான்கு வாரம் வேண்டும். 20 லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டியோ, சோப்புப் படாத பிளாஸ்டிக் தொட்டியோ போதும், மணல் வேண்டா. மீன் ஒளிந்துகொள்ள ஒரு சிறு மண்சட்டியைக் கவிழ்த்து வைக்கலாம். காற்றுக் குழாயுடன் கூடிய ஸ்பாஞ்சு வடிகட்டி ஒன்றைச் சில வாரங்கள் முன்னதாகவே பழைய தொட்டியில் இட்டு வைத்து, பின்னர் இங்கு மாற்றுக. மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா என்னும் நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் அதில் குடியேறியிருக்கும். வலையும் வாளியும் தனியே இருத்தல் வேண்டும்.

மீன் வந்த அன்று விளக்கை அணைத்துவிட்டு, பையை அவிழ்க்காமல் 20 நிமிடம் தொட்டி நீரில் மிதக்க விடுக. இரு நீரின் வெப்பமும் ஒன்றாகும். பின்னர்ப் பையைத் திறந்து, ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அரைக் குவளைத் தொட்டி நீரை ஊற்றி வருக. அரைமணி நேரம் கழித்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுக. பை நீரைத் தொட்டியில் கலவாது கொட்டிவிடுக. அன்று உணவு வேண்டா.

ஊருக்குச் சென்று திரும்புகையில் சென்னைக் கொளத்தூரில் மீன் வாங்கி வருவோரும் உளர். ரயிலில் ஒரு நாளுக்கு மேல் கட்டிவைத்த பையில் அம்மோனியா சேர்ந்திருக்கும். மீன் விடும் கரியமில வாயு அந்நீரைப் புளிப்பாக்கி, நஞ்சை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் அவ்வாயு வெளியேற, நஞ்சு தலைதூக்கும். ஆகையால், அத்தகைய பையை மிதக்கவிட்டபின், திறந்தவுடன் காலந்தாழ்த்தாது மீனை மாற்றிவிட வேண்டும்.

நான்கு வாரமும் மீன் நன்கு உண்டு, புள்ளியின்றி நீந்தினால், மாலையில் பழைய தொட்டியில் சேர்க்கலாம். முதலில் பழைய மீன்களுக்கு உணவிட்டு, கற்களையும் செடிகளையும் சற்று இடம் மாற்றி வைத்தால், இடத்தை உரிமை கொண்டாடி விரட்டும் சண்டை குறையும்.

இப்பொழுது எங்கள் வீட்டிற்குப் புது மீன் வந்தால், நாட்காட்டியில் 28 நாட்களையும் எண்ணிக் கோடிடுபவள் எங்கள் மகளே. சென்ற முறை இருபதாம் நாளன்று நாங்கள் வலையை எடுத்தோம். "இன்னும் எட்டு நாள் இருக்கிறது, அப்பா" என்று தடுத்துவிட்டாள்.