பெயர் மாறினால் பொருள் மாறுமா?
ஒத்தியும் ஃபிக்ஹின் சொல் வரையறைகளும்

ஃபிக்ஹு நூல்களில் கொடுக்கல் வாங்கல் பற்றிய ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு சொல்லின் வரையறையோடுதான் தொடங்குகிறது. முதலில் அச்சொல்லின் அகராதிப் பொருள். அடுத்து அதன் ஷரீஅத் வழக்குப் பொருள். அதன் பிறகே சட்டங்கள். பாடம் கேட்கும் மாணவர் பலர் இதனை ஒரு சம்பிரதாயமாகவே கருதிக் கடந்துவிடுகின்றனர். ஆனால் ஒரு நடவடிக்கை ஹலாலா, ஹராமா என்பது பெரும்பாலும் அந்த முதல் இரண்டு வரிகளிலேயே முடிவாகிவிடுகிறது. நம் ஊர்களில் பரவலாக உள்ள ‘ஒத்தி’ இதற்குத் தக்க சான்றாகும்.

வீட்டுக்காரர் ஆறு இலட்சம் ரூபாய் பெற்றுக்கொள்கிறார். பணம் கொடுத்தவர் மூன்று ஆண்டுகள் வாடகையின்றி அவ்வீட்டில் குடியிருக்கிறார். தவணை முடிந்ததும் வீட்டைக் காலி செய்து, ஆறு இலட்சத்தையும் குறைவின்றித் திரும்பப் பெறுகிறார். இதனைச் சிலர் போக்கியம் என்பர். நகரங்களில் ‘லீஸ்’ என்பர். வட்டிக்கு அஞ்சி வங்கியில் வைப்புநிதி வைக்காத குடும்பங்களும், ‘இதில் வட்டி எங்கே இருக்கிறது?’ என்ற நம்பிக்கையில் இதில் இறங்குகின்றன. அந்நம்பிக்கை சரியா என்பதை அறிய நான்கு சொற்களின் வரையறை போதும்.

இஜாரா என்பது ஒரு பொருளின் பயனைக் குறிப்பிட்ட காலத்திற்குக் குறிப்பிட்ட கட்டணத்திற்கு விடுதல். கட்டணம் உரிமையாளரைச் சேர்ந்துவிடும். பயன்படுத்திய காலத்திற்குரியது திரும்பி வராது. அமானத் என்பது பாதுகாப்பிற்காக ஒப்படைக்கப்படும் பொருள். பெற்றவர் அதைச் செலவிடலாகாது. அவருடைய கவனக்குறைவின்றி அது அழிந்துபோனால் ஈடுசெய்ய வேண்டியதுமில்லை. கர்ள் என்பது கடன். பெற்றவர் அதைச் செலவிடலாம். எது நேர்ந்தாலும் அதே அளவைத் திருப்பித் தந்தாக வேண்டும். ரஹ்ன் என்பது அக்கடனுக்கு உறுதியாக வைக்கப்படும் அடமானம். அண்ணல் நபி (ஸல்) அவர்களே வாற்கோதுமைக்காகத் தம் போர்க்கவசத்தை ஒரு யூதரிடம் அடமானம் வைத்திருந்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ்களில் வந்துள்ள செய்தியாகும்.

இனி ஒத்தியை இவற்றோடு உரைத்துப் பார்ப்போம். பணம் முழுவதும் திரும்பி வருவதால் அது வாடகையன்று. வீட்டுக்காரர் அதைச் செலவிட்டுவிடுவதால் அமானத்துமன்று. எஞ்சுவது கர்ள்தான். வீடு அதற்கான ரஹ்ன். அப்படியானால் மூன்றாண்டுக் குடியிருப்பு எதற்கு ஈடு? கடன் கொடுத்ததற்கு ஈடு என்பதைத் தவிர வேறு விடையில்லை. கடனுக்கு நிபந்தனையிட்டுப் பெறும் ஆதாயம் வட்டி என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடில்லை.

“வீட்டுக்காரர் மனமுவந்துதானே தருகிறார்?” என்பர். வட்டி கொடுப்பவரும் சம்மதித்தே கையெழுத்திடுகிறார். அடமானப் பொருளின் பயன் அதன் உரிமையாளருக்கே உரியது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தெளிவான நிலை. ஹனஃபி அறிஞர்களில் சிலர் உரிமையாளரின் அனுமதியோடு பயன்படுத்தலாம் என்றனர். ஆயினும், பயன் கிடைக்காவிடில் கடனே கொடுக்கமாட்டார்கள் என்ற வழக்கம் நிலவும்போது, அவ்வழக்கமே நிபந்தனையாகிவிடும் என்று இமாம் இப்னு ஆபிதீன் (ரஹ்) எச்சரித்துள்ளார்கள். அடமானப் பிராணிக்குத் தீனியிடுபவர் அதன் மீது சவாரி செய்யலாம் என்ற ஹதீஸைச் சிலர் எடுத்துக் காட்டுவர். அங்கே பயன், தீனிச் செலவுக்கு ஈடு. வீடு தீனி கேட்பதில்லை.

பெயரை மாற்றிப் பார்க்கும் முயற்சி புதியதன்று. பணத்தைத் திருப்பித் தந்தால் பொருளையும் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு விற்கும் ‘பைஉல் வஃபா’ முற்காலத்தில் புகாரா வட்டாரத்தில் பரவியது. மக்களின் தேவை கருதி அதற்கு இடமளித்த அறிஞர்களும் உண்டு. உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’ சட்டநூலோ, ஒப்பந்தங்களில் சொல்லை விட நோக்கமும் பொருளுமே கணக்கில் கொள்ளப்படும் என்பதைத் தன் மூன்றாவது விதியாகவே வைத்து, அதற்கு எடுத்துக்காட்டாக இதே பைஉல் வஃபாவைக் கூறி, அதற்கு அடமானத்தின் சட்டம் பொருந்தும் என்றது.

வியப்பு என்னவெனில், நம் நாட்டின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமும் இதையே ஒப்புக்கொள்கிறது. அதன் 58ஆம் பிரிவு, அனுபவ உரிமையோடு கூடிய அடமானத்தை வரையறுக்கையில், சொத்தின் வருவாயை வட்டிக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. நாம் சொல்லத் தயங்கும் சொல்லைச் சட்டம் தயங்காமல் சொல்லிவிட்டது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. அவ்வீட்டின் நியாயமான வாடகை மாதம் 10,000 ரூபாய் எனக் கொள்வோம். ஆறு இலட்சத்தை 60 மாத வாடகையாக முன்கூட்டியே கொடுத்து, அவ்வாறே எழுதிக்கொள்ளலாம். வீட்டுக்காரரின் அவசரத் தேவை நிறைவேறும். குடியிருப்பவருக்கும் ஐந்தாண்டு நிம்மதி. மூன்றாண்டுகளில் இருவரும் பேசி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டால், எஞ்சிய 24 மாதங்களுக்குரிய 2,40,000 ரூபாயை மட்டும் திருப்பித் தந்தால் போதும். இது தூய இஜாரா. ஆம், குடியிருந்த காலத்திற்குரிய 3,60,000 ரூபாய் போய்விடும். அந்த இழப்பாகத் தோன்றும் தொகைதான், ஒத்தியில் நாம் அறியாமல் உண்டுகொண்டிருந்தது.

எனவே, பத்திரத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், கொடுத்த பணம் திரும்புமா, திரும்புமெனில் இடையில் பெறும் பயன் எதற்கு ஈடு என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுவோம். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.