ஓசூர் தாண்டாத அரிசி

வங்கியில் இருந்த காலத்தில், கடன் கேட்டு வரும் நெசவாளியிடமும் உழவரிடமும் "பேப்பர் எங்கே?" என்று கேட்டவன் நான். ஓய்வு பெற்று உழவனான பிறகு அதே கேள்வி எனக்கே திரும்பி வந்தது.

உத்திரமேரூர் பக்கம் மூன்று ஏக்கரில் தூயமல்லியும் கருப்புக் கவுனியும் போடுகிறேன். அரிசியை 5 கிலோ பையாகக் கட்டி ஓர் இணைய விற்பனைத் தளத்தில் வைத்தேன். சென்னைக்குப் போச்சு, நெல்லைக்கும் போச்சு. பெங்களூரிலிருந்து பழைய நண்பர் ஒருவர் 10 பை கேட்டார். அதற்குத் தளம் வழிவிடவில்லை. வெளி மாநிலம் என்றால் ஜி.எஸ்.டி. எண் வேண்டுமாம்.

சட்டம் இதுதான். சொந்த நிலத்தில் விளைந்த நெல்லை அப்படியே விற்கும் உழவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. அரிசியாக்கி, 25 கிலோ வரையிலான பையில் அடைத்து, லேபிள் ஒட்டினால் 5 சதவீத வரி. 2022 ஜூலை 18 முதல் இந்த நிலைமை. நம் மாநிலத்துக்குள் விற்றால், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். 2023 அக்டோபர் 1 முதல் இணையத் தளம் வழியாக விற்பவருக்கும் இந்தச் சலுகை உண்டு. ஆனால் வரியுள்ள பொருள் மாநில எல்லையைத் தாண்டினால், ஒரே ஒரு பை என்றாலும் பதிவு கட்டாயம்.

ஐரோப்பாவைப் பாருங்கள். அங்கே 27 நாடுகள். அந்த நாடுகளில் இருக்கும் சிறு வணிகர், மற்ற நாட்டு வாடிக்கையாளருக்கு இணையத்தில் ஆண்டுக்கு 10,000 யூரோ வரை விற்றால் தன் நாட்டு வரியை மட்டும் கட்டலாம். அதைத் தாண்டினாலும், தன் நாட்டிலேயே ஒரே கணக்காக எல்லா நாட்டு வரியையும் கட்டிவிடலாம். 2021 ஜூலை 1 முதல் இப்படி. அங்கே நாட்டு எல்லைக்குக் கிடைக்கிற சலுகை, இங்கே மாநில எல்லைக்கு இல்லை. நெல்லாக விற்றால் தொல்லையில்லை, மதிப்புக் கூட்டினால் தொல்லை என்றால் உழவர் எப்படி முன்னேறுவார்?

அடுத்த பேப்பர், இயற்கைச் சான்று. காஞ்சிப் பட்டைத் தொட்டுப் பார்க்க முடியாத வெளியூர்க்காரர் 'சில்க் மார்க்' முத்திரையைத்தான் நம்புகிறார். நம் அரிசிக்கும் அப்படித்தான். பக்கத்துத் தெருக்காரருக்கு நம் முகம் போதும். தூரத்தில் இருப்பவருக்கு முத்திரை வேண்டும். 5 உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சோதித்துப் பெறும் பி.ஜி.எஸ். சான்று உள்நாட்டு விற்பனைக்குப் போதும். வெளிநாட்டுக்கு 'இயற்கை' என்று சொல்லி அனுப்ப அது செல்லாது; என்.பி.ஓ.பி. சான்று வேண்டும். பாரிஸில் இருக்கும் உறவினர் கேட்கிறாரே என்று அவசரப்பட்டுப் பை அச்சடித்துவிடாதீர்கள்.

அப்புறம் பெங்களூர் என்னாச்சு? 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு இந்த வரி கிடையாது. நண்பர் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டார். நேரடியாகவே 30 கிலோ மூட்டை இரண்டு லாரி பார்சலில் அனுப்பினேன்.

இது தற்காலிக வழிதான். மாதம் பத்துப் பைக்காகத் தனி ஆள் பதிவு வாங்கிக் கணக்குத் தாக்கல் செய்தால், லாபம் ஆடிட்டருக்கே போய்விடும். 10 உழவர்கள் சேர்ந்தால் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கலாம். ஒரே ஜி.எஸ்.டி. எண், ஒரே கணக்கர், செலவைப் பத்தாகப் பிரித்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்தில் இதுவரை ஆறு பேர் சம்மதித்திருக்கிறோம். இன்னும் நான்கு பேர் வேண்டும்.