வானத்தில் ஓடும் வெள்ளையணுக்கள்

நாமக்கல் மலைக்கோட்டையில் ஏறுகிறவர்கள் கீழே ஊரைப் பார்ப்பார்கள். அடுத்த முறை வானத்தையும் பாருங்கள். மேகம் இல்லாத நாள் வேண்டும். சூரியனுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். நீலத்தையே அரை நிமிடம் உற்றுப் பார்த்தால், சின்னஞ்சிறு வெளிச்சப் புள்ளிகள் நெளிந்து ஓடிச் சட்டென்று மறையும். மெல்ல மிதக்கும் நூல்கள் வேறு. அவை கண்ணுக்குள் உள்ள கூழ்ப்பொருளின் நிழல். இந்தப் புள்ளிகளோ நாடித் துடிப்புக்கேற்ப வேகம் கூடிக் குறையும். அவை உங்கள் ரத்தத்தின் வெள்ளையணுக்கள்!

விழித்திரையில், ஒளியை உணரும் செல்களுக்கு முன்னால், மயிரிழையைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் பரவிக் கிடக்கின்றன. தந்துகிகள் என்று பெயர். அவற்றில் ஓடும் சிவப்பணுக்கள் நீல ஒளியை விழுங்கிவிடும், வெள்ளையணு விழுங்காது. அது கடக்கும் இடத்தில் மட்டும் ஒளி உள்ளே போகிறது. ரிச்சர்ட் ஷீரர் என்ற ஜெர்மானியர் 1924இல் இதை விவரித்தார். சார்லஸ் ரிவாவும் பென்னோ பெட்ரிக்கும் 1980இல் இதைக் கொண்டே விழித்திரை ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளந்தார்கள். கண்ணுக்குள் ஊசி போகவில்லை. தான் காணும் புள்ளிகளின் வேகத்தைத் திரையில் ஓடும் செயற்கைப் புள்ளிகளோடு ஒப்பிட்டுச் சொன்னால் போதும்.

நாமக்கல்லில் நின்றுகொண்டு கோழியை மறக்க முடியுமா? கோழி வானத்தைப் பார்த்தால் இந்தப் புள்ளிகள் தெரிய வழியில்லை. பறவைகளின் விழித்திரைக்குள் ரத்தக் குழாயே கிடையாது. பார்வை நரம்பு புறப்படும் இடத்திலிருந்து மடிப்பு மடிப்பான கறுப்புச் சவ்வு ஒன்று கண்ணின் கூழ்ப்பொருளுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பெக்டன் என்று பெயர். அதிலிருந்து ஊட்டம் கசிந்து பரவுகிறது. நிழல் விழாத ஏற்பாடு. இந்த ஒரு விஷயத்தில் கோழி நம்மை முந்திவிட்டது.

ஆனால் நம் ஏற்பாட்டால் விஞ்ஞானிகளுக்கு ஒரு லாபம். கருவில் மூளையிலிருந்தே முளைத்து வருவது விழித்திரை. உண்மையில் அது மூளையின் துண்டு. மண்டையோட்டைத் திறக்காமல், கண்மணி வழியே மூளைத் திசுவின் ரத்தக் குழாய்களைப் பார்க்க முடிகிற ஒரே இடம் அதுதான்.

உடல் எடையில் மூளை 2 சதவீதம். ஆக்சிஜனில் அதன் பங்கு 20 சதவீதம். சேமிப்பு என்று சொல்ல அதனிடம் ஏதுமில்லை. எனவே எந்தப் பகுதி வேலை செய்கிறதோ, அந்தப் பக்கம் ஓரிரு விநாடிகளில் ரத்தம் திரும்புகிறது. மேட்டூர்க் கால்வாய்ப் பாசனத்தில் மடை திருப்புவது போலத்தான். ஆனால் பாய்ச்சல் தாராளம். 1986இல் பீட்டர் ஃபாக்ஸ், மார்கஸ் ரெய்க்லே அளந்தபோது, தொடு உணர்வைக் கவனிக்கும் பகுதியில் ரத்த ஓட்டம் 29 சதவீதம் கூடியது. ஆக்சிஜன் செலவோ 5 சதவீதம்தான் கூடியது. மூளை வேலை செய்வதைப் படம் பிடிக்கும் இன்றைய எம்.ஆர்.ஐ. முறை இந்த உபரியை நம்பியே இயங்குகிறது.

மடையைத் திறப்பது யார்? அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக நரம்பியலாளர் எரிக் நியூமன் பல ஆண்டுகளாகத் துரத்திய கேள்வி இது. அவர் பிடித்துக்கொண்டது கிளியா செல்களை. நரம்பு செல்களுக்கு இடையே வெறும் பசை என்று வெகுகாலம் ஒதுக்கப்பட்டவை அவை. எலியின் விழித்திரையில் அந்தச் செல்களுக்குள் கால்சியம் அலையலையாகப் பரவுவதை 1997இல் அவரும் கேத்லீன் சாஸும் கண்டார்கள். 2006இல் மோனிகா மெட்டியாவுடன் ஒரு படி மேலே போனார். கிளியா செல்லுக்குள் கால்சியத்தை அடைத்துவைத்து, ஒளிக்கீற்றால் விடுவித்தார்கள். பக்கத்து ரத்தக் குழாய் விரிந்தது. சில சமயம் சுருங்கியது! விரிவதா சுருங்குவதா என்பதைத் திசுவில் உள்ள நைட்ரிக் ஆக்சைடின் அளவு தீர்மானித்தது.

விஷயம் அதோடு முடியவில்லை. 2016இல் நியூமனின் குழுவே அதைத் திருத்தியது: கிளியாவின் கால்சியம் தந்துகிகளை விரிக்கிறது; சற்றுப் பெரிய நுண்தமனிகளுக்கு அது தேவையே இல்லை. ஒரே வயலுக்கு இரண்டு மடைக்காரர்கள்! ஓர் ஆய்வாளரின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடிப்பது இத்தகைய பக்கங்களே.

இந்த மடை சரியாகத் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சர்க்கரை நோய் காட்டுகிறது. கண் பரிசோதனையில் சர்க்கரை நோயாளிகளுக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை பெஞ்சில் உட்கார வைத்து, விழித்திரையைப் படம் எடுப்பார்கள். அதில் தெரிவது அசையாமல் நிற்கும் குழாய்கள் மட்டுமே. மினுக்கும் ஒளியைக் காட்டினால் ஆரோக்கியமான கண்ணில் குழாய் விரியும். சர்க்கரை நோயில் அந்த விரிவு குறைகிறது. அதுவும் விழித்திரையில் சேதம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே குறையலாம். நியூமனும் அனுஷா மிஸ்ராவும் 2010இல் சர்க்கரை நோய் கொண்ட எலிகளில், நைட்ரிக் ஆக்சைடை மிகையாகச் சுரக்கும் நொதியைத் தடுத்து, இழந்த விரிவை மீட்டார்கள்.

சென்னை ஐ.ஐ.டி.யில் வி. சீனிவாச சக்ரவர்த்தியின் குழு நரம்பு செல், கிளியா, ரத்தக் குழாய் என்ற இந்த வட்டத்தைக் கணினியில் முழுதாகக் கட்டியது. 2012இல் வெளியான அந்த மாதிரியில் நரம்பு செல் பசியைச் சொல்கிறது. கிளியா அதைக் கடத்துகிறது. குழாய் விரிந்து குளுக்கோஸ் தருகிறது. அந்த ஆற்றலில் நரம்பு செல் மீண்டும் துடிக்கிறது. தூண்டுதல் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் துடிப்பு நிலைப்பதில்லை. பட்டினி கிடக்கும் நரம்பு செல்லோ விட்டு விட்டு, கொத்துக் கொத்தாகத் துடிக்கிறது.