கொடுவா மீன்: இனம் காண்பதும் பிடிப்பதும்

செஞ்சி மலைப் பக்கத்தில் தோன்றும் சங்கராபரணி ஆறு, வீடூர் அணையைக் கடந்து புதுச்சேரியில் சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு என இரு கிளைகளாகக் கடலில் கலக்கிறது. இந்த முகத்துவாரங்கள் போன்ற இடங்களே கொடுவா மீனுக்கு ஏற்றவை. கடலிலும் உப்பங்கழியிலும் நன்னீரிலும் வாழக்கூடிய இம்மீனுக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு. ஆஸ்திரேலியாவில் 'பாரமுண்டி' என்ற பெயரில், தூண்டில் பிரியர்கள் விரும்பித் தேடும் மீனும் இதுவே.

இனம் காணும் முறை

கொடுவாவின் உடல் நீண்டு, பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். நிறம் வெள்ளி, முதுகு மட்டும் பச்சை கலந்த பழுப்பு. கண்ணுக்கு மேலே தலை குழிந்து, பிறகு முதுகு உயரும். வாய் பெரியது, மேல்தாடை கண்ணையும் தாண்டிச் செல்லும். முதுகுத் துடுப்பின் முள் பகுதிக்கும் மென்மையான பகுதிக்கும் இடையே ஆழமான வெட்டு காணப்படும். வால் வட்டமானது. வெளிச்சம் பட்டால் கண் பொன்னிறமாக மின்னும். கலவா மீனுக்கும் வால் வட்டமாக இருப்பதுண்டு. ஆனால் அதன் முதுகுத் துடுப்பில் இவ்வளவு ஆழமான வெட்டு இராது.

இளங்குஞ்சுகள் பழுப்புத் திட்டுகளுடன் இருக்கும். நெற்றியிலிருந்து முதுகு வரை வெண்கோடு ஓடும். வளர வளர இது மறைந்துவிடும்.

தூண்டில் போடுவது

கொடுவா இரையைத் துரத்தி அலைவதை விடப் பதுங்கியிருந்து தாக்குவதே அதிகம். பாலத் தூண்கள், பாறைகள், அலையாத்தி வேர்கள், மூழ்கிக் கிடக்கும் மரங்கள் ஆகியவற்றின் அருகே தூண்டில் போடவேண்டும். அதிகாலையும் அந்தியும் ஏற்ற நேரம். ஏற்றவற்றம் மாறி நீரோட்டம் தொடங்கும்போது சிறு மீன்கள் இழுபட்டு வருவதால், கொடுவா அப்போது நன்கு இரை எடுக்கும்.

உயிருள்ள இறாலும் சிறு மடவையும் சிறந்த இரை. இறாலை வால் பக்கம் கோக்கவேண்டும். தலையில் குத்தினால் செத்துவிடும். மடவையை முதுகுத் துடுப்பின் அடியில், நடுமுள்ளில் படாமல் கோக்கலாம். மாட்டிய கொடுவா துள்ளித் தலையை உதறும். தங்கூசி நரம்பு தளர்ந்தால் முள் கழன்றுவிடும். வேரிலோ தூணிலோ உராய்ந்தால் நரம்பு அறுந்துவிடும். செவுள் மூடி கத்திபோலக் கூர்மையானது. அங்கே கை வைக்காமல், துணி சுற்றிக் கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கவேண்டும்.

இம்மீன் முதலில் ஆணாகப் பருவமடைந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறும். சிறிய மீன்களை எல்லாம் பிடித்துத் தீர்த்தால் முட்டையிடப் பெரிய மீன் மிஞ்சாது. எனவே சிறியவற்றைத் திரும்ப விட்டுவிடுவது நல்லது.

குட்டையில் கவனம்

பண்ணைக் குட்டையில் மீன் வளர்ப்போர் இம்மீனின் குணத்தை அறிந்திருக்கவேண்டும். கட்லா, ரோகு குஞ்சுகளுடன் சில கொடுவாக் குஞ்சுகள் கலந்தாலும் கெண்டைக் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். விடும் முன் குஞ்சுகளைத் தட்டில் ஊற்றி, நெற்றிக் கோடும் பெரிய வாயும் உள்ளவற்றைப் பிரித்துவிடவேண்டும்.

தனியாகக் கொடுவா வளர்க்க விரும்புவோர் பொரிப்பகக் குஞ்சுகளையே வாங்கலாம். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் இம்மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்வதில் வெற்றி கண்டது. நன்னீரில் கொடுவா வளரும், முட்டையிடாது. உப்பு நீரில் வளர்ந்த குஞ்சுகளை உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து நன்னீருக்குப் பழக்கியபின் விடவேண்டும். தன் நீளத்தில் பாதிக்கு மேற்பட்ட குஞ்சையும் கொடுவா விழுங்கிவிடும். ஆகவே அளவு வாரியாகப் பிரித்து வளர்ப்பது அவசியம். ஜிலேபி மீன் பெருகிவிட்ட குட்டையில் ஓரளவு வளர்ந்த கொடுவாவை விட்டால் அதன் குஞ்சுகளே இரையாகும்; தொல்லையும் குறையும்.

குட்டையில் இறக்கும் முன், அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் நீரின் தன்மை பற்றியும் குஞ்சு கிடைக்கும் இடம் பற்றியும் கேட்டறிந்துகொள்வது நலம்.