அசைவூட்டப் பாத்திரங்களின் பேச்சும் மெய்யசைவும்

அசைவூட்டப் படத்தில் ஒரு பாத்திரத்தைப் பேசுவதாகத் தோன்றச் செய்ய வாயை மட்டும் வரைந்தால் போதாது. நொடிக்கு 24 சட்டகங்களாக ஓடும் திரையில் இதழும் விழியும் தலையும் பேச்சொலியோடு எக்கணத்தில் இணைகின்றன என்பதே சிக்கல். இதனை ஓவியருக்கே உரியதாகக் கருதுவோர் உளர். இதில் பெரும்பகுதி மொழியியலுக்கு உரியது.

ஒலியன்கள் யாவும் கண்ணுக்குப் புலப்படுவன அல்ல. படம், மடம் என்பவற்றை இதழசைவு கொண்டு மட்டும் பிரித்தறிய இயலாது. ண, ள, ழ ஆகியவற்றின் வேறுபாடோ வாயினுள் மறைந்துவிடுகிறது. இவ்வாறு பார்வைக்கு ஒன்றாகும் ஒலிகளின் தொகுதியைக் காட்சியொலியன் எனலாம். 1968-இல் ஃபிஷர் இக்கருத்தை முன்வைத்தார். பகர மகரங்களை இதழியைவாலும் வகரத்தைப் பல்லும் இதழும் இயைவதாலும் பிறப்பனவாகத் தொல்காப்பியப் பிறப்பியல் பிரிப்பது இங்கும் பயன்படுகிறது.

எனினும் எழுத்துக்கொரு வாய் வரைவது பொருந்தாது. 'தூண்' என்பதில் தகரம் ஒலிக்கும்போதே இதழ்கள் ஊகாரத்திற்குக் குவியத் தொடங்குகின்றன. எழுத்து வழக்கும் ஓவியரை ஏமாற்றக்கூடும். 'படம்', 'வரும்' என எழுதினாலும் பேச்சுத் தமிழில் ஈற்று மகரம் மூக்கின உயிராகிவிடுவதால் இதழ்கள் மூடுவதில்லை. உரையாடலின் எழுத்துப்படியைப் பார்த்து அங்கே மூடிய இதழை வரைந்தால் பாத்திரம் மேடைப்பேச்சாளர் போலாகிவிடும்.

முகத்தைப் பொறுத்தவரை, மெய்ப்பாட்டியல் நகை, அழுகை முதலிய எட்டினைப் பெயரிடுகிறது. எக்மனும் ஃபிரீசனும் 1978-இல் வெளியிட்ட முறையோ உணர்ச்சியைப் பெயரிடாமல் தசையசைவுகளைக் குறியிடுகிறது. வரைபவருக்கு உடனடியாக உதவுவது பின்னதே. இதழோரம் உயர்ந்தும் கன்னம் உயராத முறுவல் பெரும்பாலும் போலியாகவே தோன்றும்.

மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டியது தலையசைவு. ஆங்கிலத்தில் எதிர்மறைச் சொல் முதன்மை வினைக்கு முன்னரே வருகிறது. மறுக்கும் தலையசைவும் பெரும்பாலும் அதனுடன் தொடங்குகிறது. தமிழிலோ 'நான் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்' என மறுப்பு ஈற்றில் நிற்கிறது. ஆங்கிலப் படத்திற்கு இதனைக் குரலாக அமைத்தால் தலை மறுத்து முடித்த பின்னரே வாய் மறுக்கும். 'மாட்டேன், அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்' என முன்னிறுத்துவது பேச்சுத் தமிழுக்கு இயல்பே. ஆயின் திரையில் இதழ் திறந்திருக்குமிடத்தில் மகரம் உறுத்தும். அங்கே இதழொலியே இல்லாத 'இல்லை' பொருந்தும்.