சார்ஜர் போட்டும் லேப்டாப் பேட்டரி இறங்குதா? புது பேட்டரி வாங்கும் முன் இதைப் படிங்க!

கல்யாண வீடியோ எடிட் பண்ணும் நண்பர் ஒருவர், ஒரு நாள் ராத்திரி 11 மணிக்குப் பதறிப்போய் போன் செய்தார். "காலையில 10 மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு வீடியோ கொடுக்கணும்டா. சார்ஜர் போட்டுத்தான் ரெண்டரிங் ஓட்டுறேன். ஆனா, 80 பர்சன்ட் இருந்த பேட்டரி இப்போ 20-க்கு வந்துடுச்சு. பேட்டரி போயிடுச்சுன்னு கடையில சொன்னாங்க, போன வாரம்தான் புதுசு மாத்தினேன். இப்பவும் அதே கதைதான்!"

"எந்த சார்ஜர் போட்டிருக்க?" என்று கேட்டேன். லேப்டாப்கூட வந்த செங்கல் சைஸ் சார்ஜர் கனமாக இருக்கிறது என்று ஊரிலேயே விட்டுவிட்டு, சின்னதாக ஒரு டைப்-சி சார்ஜர் வாங்கி இரண்டு மாதமாக அதில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். பழைய சார்ஜர் 180 வாட். புதுசு 65 வாட். பாவம், பேட்டரி மேல் எந்தத் தப்பும் இல்லை.

கேம் விளையாடும்போது, வீடியோ ரெண்டர் பண்ணும்போது, பெரிய புராஜெக்ட் ஓடும்போது மட்டும் சார்ஜ் ஏறவில்லை என்றால், இந்தக் கதை உங்களுடையதாகவும் இருக்கலாம்.

மாடி டேங்க் கணக்கு

வீட்டு மாடி டேங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறுகிறது. அதே நேரம் வீட்டில் எல்லாக் குழாயும் திறந்திருந்தால்? மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், டேங்க் காலியாகிக்கொண்டே இருக்கும். இங்கே மோட்டார்தான் சார்ஜர், டேங்க்தான் பேட்டரி.

சும்மா பிரௌசிங் செய்யும்போது ஒரு லேப்டாப்புக்கு 10, 15 வாட் போதும். கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப்பில் கேமோ ரெண்டரிங்கோ ஓடினால் அது சுலபமாக 100 வாட்டைத் தாண்டும். 120 வாட் தேவைப்படும் இடத்தில் சார்ஜர் 65 வாட்தான் தருகிறது என்றால், பாக்கி 55 வாட்டை பேட்டரிதான் கொடுக்க வேண்டும். 60 வாட் ஹவர் பேட்டரி என்றால், முழு சார்ஜும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் காலி!

சரியான சார்ஜர் போட்டிருந்தாலும், சில கேமிங் லேப்டாப்கள் பர்ஃபாமன்ஸ் மோடில் பேட்டரியையும் கொஞ்சம் தொட்டுக்கொள்ளும். மெதுவாக சில பர்சன்ட் இறங்கினால் பயப்பட வேண்டாம். மளமளவென்று இறங்கினால்தான் பிரச்னை.

முதல்ல இந்த டெஸ்ட்டை செய்ங்க

லேப்டாப்பை முழுசாக ஷட்டவுன் செய்து, ஒரு மணி நேரம் சார்ஜில் போடுங்கள். பிறகு ஆன் செய்து பாருங்கள்.

நன்றாக ஏறியிருந்தால், பேட்டரியும் போர்ட்டும் பெரும்பாலும் ஓகே. வாட் பற்றாக்குறை அல்லது சூடு, இந்த இரண்டில் ஒன்றுதான் வில்லன். அணைத்து வைத்தும் ஏறவே இல்லையென்றால் சார்ஜர், கேபிள், போர்ட், பேட்டரி, சார்ஜ் லிமிட் செட்டிங் என ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். காசு செலவில்லாத இந்த ஒரு டெஸ்ட் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

சார்ஜர் முதுகில் இருக்கும் ரெண்டு நம்பர்

சார்ஜர் லேபிளில் 'அவுட்புட்' என்ற வரியைத் தேடுங்கள். வோல்ட், ஆம்பியர் என இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட். உதாரணமாக, 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட். லேப்டாப்கூட வந்த சார்ஜரின் வாட்டோடு இதை ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

'அப்போ அதிக வாட் சார்ஜர் போட்டா லேப்டாப் வெடிச்சிடுமா?' என்று கேட்பவர்கள் உண்டு. வெடிக்காது. தனக்குத் தேவையானதை மட்டும்தான் லேப்டாப் இழுக்கும். ஆனால், உருண்டை பின் உள்ள சார்ஜர்களில் வோல்ட் கட்டாயம் பொருந்த வேண்டும். அதில் விளையாடாதீர்கள்.

டூப்ளிகேட் சார்ஜரில் இன்னொரு சிக்கல். சில லேப்டாப்கள் சார்ஜர் ஒரிஜினலா, எத்தனை வாட் என்று பின் வழியாகவே விசாரிக்கும். பதில் வரவில்லை என்றால் சார்ஜ் ஏற்றாது, வேகத்தையும் குறைத்துவிடும். இந்தியாவில் விற்கும் சார்ஜரில் பிஐஎஸ் பதிவு எண் இருக்க வேண்டும். 'ஆர்' என்று தொடங்கும் அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டு சரிபார்க்கலாம்.

கேபிளும் காலை வாரும்

டைப்-சி கேபிள் எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருக்கும், வேலையில் வேறு வேறு. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும், அதாவது அதிகபட்சம் 60 வாட். அதற்கு மேல் போக, உள்ளே சிறு சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். 100 வாட் சார்ஜர் வாங்கி, பழைய போன் கேபிளை மாட்டினால் 60 வாட்தான் வரும்.

லேப்டாப்பில் இரண்டு டைப்-சி போர்ட் இருந்தால், ஒன்றில் மட்டும்தான் சார்ஜ் ஏறும் மாடல்களும் உண்டு. போர்ட் பக்கத்தில் மின்னல் அல்லது பிளக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

சூடு ஏறினா சார்ஜ் ஏறாது

லித்தியம் அயன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஏற்ற வெப்பநிலை பொதுவாக 0 முதல் 45 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டினால் பாதுகாப்புக்காக லேப்டாப்பே சார்ஜிங்கைக் குறைக்கும் அல்லது நிறுத்திவிடும். மே மாசத்து அறை, அடியில் மெத்தை, மேலே முழு வேகத்தில் கேம். அப்புறம் எப்படி ஏறும்?

மெத்தை, தலையணை, மடி வேண்டாம். மேஜையில் வையுங்கள். பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினாலே காற்று போகும். ஃபேன் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தால், சர்வீஸில் கொடுத்து தூசி தட்டச் சொல்லுங்கள்.

80 பர்சன்ட்டில் நிக்குதா?

அது கோளாறே இல்லாமல் இருக்கலாம். பேட்டரி ஆயுளைக் காப்பாற்ற 60 அல்லது 80 பர்சன்ட்டோடு சார்ஜை நிறுத்தும் வசதி பல லேப்டாப்களில் இருக்கிறது. லெனோவோவில் வான்டேஜ், ஆசஸில் மைஆசஸ் ஆப்பில் பாருங்கள். எப்போதும் பிளக்கிலேயே வைத்து வேலை செய்பவர்களுக்கு அது ஆன்-ல் இருப்பதே நல்லது.

'வீட்டில் லோ வோல்டேஜ், அதான் காரணமோ?' என்ற சந்தேகமும் வரும். பெரும்பாலான லேப்டாப் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை சமாளிக்கும். அதைவிட, லூஸான பிளக் பாயின்ட்டையும் ஆடுகிற பின்னையும் சந்தேகப்படுங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு வந்தாலோ, லேப்டாப்பின் அடிப்பாகம் உப்பினாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம். உடனே ஆஃப் செய்து, சார்ஜரைக் கழற்றி, சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள். குத்துவது, அழுத்துவது கூடவே கூடாது. தீப்பிடிக்கும். கருகிய வாசம், பிசுபிசுத்த சார்ஜர் வயர் என்றாலும் இதே விதிதான்.

இன்னிக்கு வேலை முடியணுமே!

சரியான சார்ஜர் கையில் இல்லையா? பவர் மோடை 'பேட்டரி சேவர்' பக்கம் தள்ளுங்கள். ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறையுங்கள். கேம் என்றால் ஃபிரேம் ரேட்டை 60 அல்லது 30-ல் கட்டிப்போடுங்கள். தேவையில்லாத பிரௌசர் டேப்களை மூடுங்கள். யுஎஸ்பியில் போனுக்கு சார்ஜ் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். குழாய்களை மூடினால் மோட்டாரே டேங்க்கைப் பார்த்துக்கொள்ளும்.

நண்பரிடமும் அன்று ராத்திரி அதையேதான் சொன்னேன். ரெண்டரிங்கை நிறுத்தி, லேப்டாப்பை ஒரு மணி நேரம் அணைத்து சார்ஜ் ஏற்றி, பிறகு பவர் மோடைக் குறைத்து ஓட்டினார். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் எடுத்தது. ஆனாலும் காலை 7 மணிக்கு வீடியோ ரெடி. மறுநாளே ஊரிலிருந்து அந்தச் செங்கல் சார்ஜர் பஸ்ஸில் வந்து இறங்கியது.

புது பேட்டரிக்குக் கொடுத்த காசு மட்டும் திரும்ப வரவில்லை. நீங்க கடைக்குப் போகும் முன்னாடி, சார்ஜர் லேபிளை ஒரு தடவை பார்த்துடுங்க!