மூக்குக் கண்ணாடி நன்கொடை

மூக்குக் கண்ணாடி நன்கொடை என்பது பார்வைக் குறை இருந்தும் கண்ணாடி பெற இயலாத வறிய மக்களுக்கு, குறிப்பாக வளர்ந்துவரும் நாடுகளில் வாழ்வோருக்கு, கண்ணாடிகளை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ வழங்கும் அறப்பணி ஆகும். பயன்படுத்திய கண்ணாடிகளைத் திரட்டி அனுப்புவது இதன் பழைய வடிவம். கண்ணைச் சோதித்துப் புதிய கண்ணாடி வழங்குவது தற்போது பரிந்துரைக்கப்படும் வடிவம்.

தேவை

கிட்டப்பார்வை, தூரப்பார்வை முதலியன ஒளிவிலகல் குறைபாடுகள் ஆகும். ஏறத்தாழ 40 வயதுக்குப் பின் கண்வில்லையின் நெகிழ்வு குறைந்து, அருகில் உள்ளவை மங்கலாகத் தெரிவது வெள்ளெழுத்து எனப்படும். உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, வெள்ளெழுத்து இருந்தும் தகுந்த கண்ணாடி இல்லாதோர் 82.6 கோடிப் பேர் என மதிப்பிட்டது.

இக்குறை பிழைப்பையும் பாதிக்கிறது. அசாமில் 40 வயதைக் கடந்த 751 தேயிலைத் தொழிலாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2018 இல் வெளியானது. கண்ணாடி பெற்றவர்கள் கொழுந்து பறிக்கும் திறன், பெறாதவர்களுடன் ஒப்பிடுகையில் 21.7% கூடுதலாக உயர்ந்ததாக அது கண்டறிந்தது.

வரலாறு

1925 இல் ஹெலன் கெல்லர் விடுத்த வேண்டுகோளை ஏற்று அரிமா சங்கங்கள் பார்வை தொடர்பான பணிகளில் ஈடுபட்டன. பழைய கண்ணாடிகளைத் திரட்டுவதும் பின்னர் அவற்றுள் ஒன்றாயிற்று. 1932 இல் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜூலியா லாரன்ஸ் டெர்ரி, 'நியூ ஐஸ் ஃபார் த நீடி' என்ற அமைப்பைத் தொடங்கினார்.

நடைமுறையும் சிக்கல்களும்

திரட்டிய கண்ணாடிகள் தரம்பிரித்துக் கழுவப்பட்டு, வில்லைகளின் திறன் அளந்து குறிக்கப்படும். முகாமில் ஒருவரின் தேவைக்கு மிக நெருங்கிய கண்ணாடி தேர்ந்தெடுக்கப்படும்.

ஆனால், ஒரு கண்ணாடி ஒருவருக்கென்றே செய்யப்படுவது. ஒவ்வொரு கண்ணுக்கும் உரிய திறன், உருளை வில்லையின் அச்சுக் கோணம், கண்மணிகளுக்கு இடையிலான தொலைவு ஆகிய அனைத்தும் இன்னொருவருக்குப் பொருந்துவது அரிது. பொருந்தாத கண்ணாடியால் தலைவலியும் கண் அயர்ச்சியும் ஏற்படலாம். 2012 இல் வெளியான ஓர் ஆய்வில், நன்கொடையாக வந்த 275 கண்ணாடிகளுள் 7% மட்டுமே பயன்படுத்தத் தக்கவையாக இருந்தன. அத்தகைய ஒரு கண்ணாடியை உரியவரிடம் சேர்க்க ஆகும் செலவு 20.49 அமெரிக்க டாலர் எனவும், இது ஆயத்தக் கண்ணாடிக்கு ஆகும் செலவைப்போல் இரு மடங்குக்கு மேல் எனவும் அவ்வாய்வு கணக்கிட்டது. விலையின்றிக் கிடைக்கும் பொருள் உண்மையில் விலை கூடியதாகிவிடுகிறது.

மாற்று வழிகள்

வெள்ளெழுத்து மட்டும் உள்ளவர்களுள் பெரும்பாலோருக்கு இரு கண்ணுக்கும் ஒரே திறன் கொண்ட ஆயத்தக் கண்ணாடி போதுமானது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரே இதனை வழங்க இயலும். ஜெர்மனியைச் சேர்ந்த ஆசிரியர் மார்ட்டின் ஆஃப்முத் உருவாக்கிய 'ஒரு டாலர் கண்ணாடி'யின் சட்டம் எஃகுக் கம்பியை வளைத்து உள்ளூரிலேயே செய்யப்படுகிறது. இதன் மூலப்பொருட் செலவு ஏறத்தாழ 1 டாலர்.

எனவே, பழைய கண்ணாடியை அனுப்புவதைவிட, கண் பரிசோதனைக்கும் உள்ளூர்ப் பணியாளர் பயிற்சிக்கும் நிதி அளிப்பதே கூடுதல் பயன் தரும் என்பது கண்நலத் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். 2024 இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய 'ஸ்பெக்ஸ் 2030' என்னும் முன்னெடுப்பும், கண்ணாடியுடன் பரிசோதனைச் சேவை, பணியாளர் பயிற்சி ஆகியவற்றையும் வலியுறுத்துகிறது.